அப்பாவைக் குடிகாரராக்கிய சாட்சி

வேதாகமக் கல்லூரியில் சேர்ந்த நான்காம் நாள் மாலை என் அப்பாவைக் குடிகாரராக்கினேன். சாராயத்தின் வாடையை, அடிபட்டுக் கட்டுப்போட வந்தவர்களின் வாயிலிருந்து மட்டுமே அறிந்த மனிதர் அவர்.

அப்பா ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமத்து மருந்தகத்தில் கம்பவுண்டர். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் மருந்து கலக்குவது, புண் கழுவுவது, காய்ச்சல்காரர்களுக்கு ஆறுதல் சொல்வது எல்லாம் அப்பாதான். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா விஷக்காய்ச்சலில் இறந்துபோனாள். தங்கைக்கு அப்போது ஆறு வயது. அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் உலை வைத்து, தங்கைக்குத் தலைவாரிச் சடை பின்னிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். வகிடு எப்போதும் கோணலாக இருக்கும். அவளாகப் பின்னக் கற்றுக்கொள்ளும்வரை அந்தக் கோணல் வகிட்டோடுதான் பள்ளிக்கூடம் போனாள்.

சாயங்காலம் விளக்கேற்றியதும் மூவரும் உட்கார்ந்து ஜெபிப்போம். அப்பாவுக்கு அலங்காரமாக ஜெபிக்க வராது. அன்றைக்கு வந்த நோயாளிகளை ஒவ்வொருவராக ஞாபகப்படுத்தி, வயிற்றுவலிக்கார அம்மா, மாடு முட்டினவர், தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் என்று கடவுளிடம் சொல்லிக்கொண்டே போவார். முடித்ததும் சாப்பிடுவோம். நான் விசுவாசத்துக்கு வந்தது இப்படித்தான். எந்த நாளில் வந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. விசுவாசம் இல்லாத ஒரு நாள் என் நினைவில் இல்லை.

ஆனால் கல்லூரியில் அந்த நாளைத்தான் கேட்டார்கள்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நகரத்துக்கு வெளியே செம்மண் பொட்டலில் ஓட்டுக் கட்டிடங்கள் நான்கு, கிணறு ஒன்று, ஜெபக்கூடம் ஒன்று. இதுதான் கல்லூரி. கிராமத் திருச்சபைகளுக்கு ஊழியர்களை உருவாக்கும் மூன்று வருஷப் படிப்பு. பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் திருச்சபை வரலாறும் தமிழில் நடந்தன. கொஞ்சம் கிரேக்கமும் உண்டு. அந்த எழுத்துகள் எனக்கு ஜிலேபி மாதிரி தெரிந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். முதல் வாரத்தில் தினமும் மாலை ஜெபத்துக்குப் பிறகு ஒருவரோ இருவரோ எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். எந்த வயதில், எந்த இடத்தில், எப்படி ஆண்டவர் தன்னைச் சந்தித்தார் என்பதைச் சொல்வதுதான் சாட்சி.

ஒருவர் சீட்டாடிச் சொத்தை அழித்தவர். இன்னொருவர் தண்டவாளத்தில் தலைவைக்கப் போனவர். கோட்டைப்பட்டினம் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவன் எனக்கு அறைத் தோழனாக வாய்த்திருந்தான். அவன் நான்கே வாக்கியம் சொன்னான். ஒரு கூட்டத்தில் கேட்டேன், நம்பினேன், வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை, இங்கே வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். கூடமே அசையாமல் இருந்தது.

அடுத்தது நான். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தேன், சிறுவயது முதல் ஜெபிக்கப் பழகினேன் என்று தொடங்கினேன். முன்வரிசையில் ஒரு சீனியர் மாணவர் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அடுத்த வாக்கியத்தை நான் யோசிக்கவே இல்லை. அது தானாக வந்தது.

“ஆனால் என் தகப்பனார் குடிப்பார்.”

கூடம் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன்பின் நிறுத்தத் தெரியவில்லை. அப்பா தள்ளாடிக்கொண்டு வந்தார், அம்மா மூலையில் அழுதுகொண்டே ஜெபித்தாள், அவள் இறந்தபிறகு நான் நாற்பது நாள் முழங்காலில் நின்றேன், நாற்பதாம் நாள் அப்பா புட்டியைக் கல்லில் அடித்து உடைத்தார், அந்த நாளில் நானும் ஆண்டவருக்கு என்னைக் கொடுத்தேன் என்று முடித்தேன். கொட்டாவி விட்ட சீனியர் எழுந்து வந்து கண்ணீரோடு என்னைக் கட்டிக்கொண்டார்.

அன்று படுக்கும்போது, ஒரே ஒரு தடவைதானே, இனிச் சொல்லவேண்டி வராது என்று நினைத்தேன்.

ஆனால் அந்தச் சாட்சிக்குத்தான் எல்லோரும் என்னைத் தேடினார்கள். சனிக்கிழமைகளில் மாணவர்கள் குழுவாகப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போவோம். பாட்டு, பிரசங்கம், நடுவில் ஒரு சாட்சி. சாட்சி என்றால் நான்தான். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. புட்டி உடைந்த இடத்தில் அப்பாவின் காலில் ரத்தம் வந்தது என்று ஒருநாள் சேர்த்தேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வகுப்பில் பத்துக் கட்டளைகளைப் பாடமாக நடத்தி, பொய்ச்சாட்சி பற்றிய கட்டளை வந்தபோது நான் நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் எழுதினேன். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நல்ல மார்க்கும் வாங்கினேன்.

கூட்டம் நடந்த ஒரு கிராமத்தில் களையெடுக்கப் போகும் ஒரு பெண் என்னிடம் வந்தார். அவருடைய கணவர் குடிப்பவர். மதுவிலக்கு வந்தும் அந்த வீட்டில் சாராயம் நிற்கவில்லை. உங்கள் அப்பா எத்தனை நாளில் விட்டார் என்று மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். நாற்பது நாள் என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து அதே ஊருக்குப் போனபோது கூட்டத்துக்கு முன்பே என்னைத் தேடி வந்துவிட்டார்.

“நாப்பது நாளும் முடிஞ்சுபோச்சு தம்பி. அவுக இன்னும் விடல. நான் ஜெபம் பண்றதுல என்னமோ கொறை இருக்கு. என்னன்னு சொல்லுங்க.”

நான் என்ன சொன்னேன் என்று இப்போது எழுதவே கூசுகிறது. விசுவாசத்தோடு தொடர்ந்து ஜெபியுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார்.

அதற்குப்பின் என்னால் தனியாக ஜெபிக்க முடியவில்லை. கூட்டத்தில் சத்தமாக ஜெபிக்க வந்தது. அறையில் கண்ணை மூடினால், நான் உண்டாக்கிய அந்தக் குடிகார அப்பா வந்து நிற்பார். என் சொந்த அப்பாவின் முகத்தைக் கொண்டுவர முயன்றால் முதலில் புட்டிதான் வந்தது.

தை மாதம் அறந்தாங்கியில் ஒரு சபையில் அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், பூசணி, நெல்மூட்டை என்று ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்ததைக் கோயில் முன்னால் பரப்பியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் பந்தலில் கூட்டம். எங்கள் கல்லூரிக் குழு பாடி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து, என் தகப்பனார் குடிப்பார் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, பந்தலின் கடைசிக் காலோரம் அப்பா உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, மடியில் ஒரு துணிப்பை. நான் பேசுவதைக் கேட்கும் சந்தோஷத்தோடு கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷம் முகத்திலிருந்து இறங்க இரண்டு மூன்று வாக்கியம் ஆயிற்று. முதலில் நான் வேறு யாரையோ பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவசர அவசரமாக முடித்தேன். அம்மா அழுததைச் சொன்னேன், புட்டியை உடைத்ததைச் சொன்னேன். காலில் ரத்தம் வந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் நான் அவரிடம் போய்ச் சேருவதற்குள், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் அவரை அடையாளம் காட்டிவிட்டார். சபை மூப்பர் ஒருவர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீங்கள்தானா அந்தத் தகப்பனார், எப்பேர்ப்பட்ட விடுதலை என்று உருகினார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்பா என்னை ஒருதரம் பார்த்தார்.

“ஆமாங்க. ஸ்தோத்திரம்” என்றார்.

பந்திச் சாப்பாட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ் ஏற்றிவிடக் கூட நடந்தேன். ஆஸ்டல் சாப்பாடு எப்படி, கண் எரிச்சல் சரியாகிவிட்டதா என்று கேட்டார். தங்கை கொடுத்தனுப்பிய முறுக்கைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“என்னப் பத்தி என்ன வேணாலும் சொல்லிக்க. ஒங்கம்மாவ அழ வெச்சிருக்க வேணாம்ப்பா. அவ அழுது நான் பாத்ததே இல்ல.”

பஸ் போய்விட்டது. முறுக்குப் பொட்டலத்தை அறைத் தோழனிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒன்று உடைத்துத் தின்னவும் தைரியம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்ததே எனக்கு அதில்தான் தெரியும். பையன் மணமேல்குடியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பா அறந்தாங்கி ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்ப்பவர், அந்தச் சபையின் அங்கத்தினர். அவரைப் பார்த்துப் பேசவும், அப்படியே எனக்குச் செய்தி சொல்லவும்தான் அப்பா அன்று பண்டிகைக்கு வந்திருக்கிறார். கடிதம் நீளமானதல்ல. “அண்ணனுக்கு, குடிகாரன் வீட்டில் பெண் எடுக்க யோசனையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அப்பா எப்போது குடித்தார் என்பதை நீ எனக்கு மட்டுமாவது எழுது. நான் அந்த வீட்டில்தானே இருந்தேன்.”

கடிதத்தைப் படித்ததும் கிணற்றடிக்குப் போனேன். அறைத் தோழன் அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே, இவன் எழுந்து போய்விடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் விசுவாசத்துக்காக அப்பா அம்மாவையே இழந்தவன். நானோ கைதட்டலுக்காக இருக்கிற அப்பாவை விற்றவன். அவன் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தான்.

“நீ சொன்னது எனக்கு முன்னாடியே சந்தேகந்தான்” என்றான். “குடிக்கிறவரு மகன் முறுக்க இப்புடிப் பொட்டலத்தோட இன்னொருத்தன்ட்டக் குடுக்க மாட்டான். ஒளிச்சு வெச்சுத்தான் திம்பான். எங்க வீட்ல நாங்க அப்புடித்தான்.”

தன் அப்பா குடிப்பவர் என்று அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உண்மையில் அந்தக் கதைக்குரியவன் அவன். அதை நான்கு வாக்கியத்தில்கூடச் சேர்க்காமல் இருந்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவரு இங்க இல்லையே, பதில் சொல்றதுக்கு என்றான். பிறகு ஈரக் கையோடு என்னை பிரின்சிபால் அறை வரைக்கும் கொண்டுவந்து விட்டான். உள்ளே வரவில்லை.

பிரின்சிபால் ஒரு போதகர். குறைவாகப் பேசுபவர். நான் நின்றுகொண்டே சொன்னேன். என்னைக் கல்லூரியிலிருந்து அனுப்பிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிரங்குப் பெட்டியில் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்றுகூட மனத்துக்குள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முடியும்வரை கேட்டுவிட்டு, எங்கெங்கே சொன்னீர்கள் என்று கேட்டார். எண்ணினேன். கல்லூரியைச் சேர்த்துப் பதினொரு இடம்.

“பதினோரு எடத்துக்கும் போங்க. போயிட்டு வந்து என்னப் பாருங்க.”

வருஷக் கடைசி வரை நான் எந்த மேடையிலும் ஏறக்கூடாது என்றும் சொன்னார். அவ்வளவுதான். வெளியே வந்தேன். வயிறு பசித்தது. பல வாரங்களுக்குப் பிறகு உண்மையாகப் பசித்தது அன்றைக்குத்தான்.

அன்று மாலையே ஜெபக்கூடத்தில் எழுந்து சொன்னேன். என் அப்பா குடித்ததே இல்லை, நான் சொன்னது பொய், எனக்கு இரட்சிப்பின் தேதி தெரியாது. மூன்று வாக்கியம் போதுமாக இருந்தது. முதல் சாட்சியன்று என்னைக் கட்டிக்கொண்ட சீனியர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் அறந்தாங்கிக்குப் போனேன். பையனின் அப்பா ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். டியூட்டி முடிந்து வந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் தெரியும் என்றார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “ஒங்கப்பாவே ஒத்துக்கிட்டாரே தம்பி. நான் பக்கத்துலதான் நின்னேன். ஆமாங்கன்னு அவரு சொன்னத என் காதால கேட்டேன். ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டு சாவி அவரு கையில. என்னால நம்பாம இருக்க முடியல.”

அது என்னைக் காப்பாற்றச் சொன்னது என்றேன். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வேண்டாம் என்று சொல்லியனுப்பிய பிறகும் அவருக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கே ஆள் அனுப்பி விசாரித்திருக்கிறார். வயலில் நின்றவர்கள், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், ஆவுடையார்கோவில் சந்தைக்குப் போகிறவர்கள் என்று கேட்ட அத்தனை பேரும் ஒரே பதில் சொல்லியிருக்கிறார்கள். கம்பவுண்டர் டீ கூடக் குடிக்க மாட்டாரே என்று ஒருவர் சிரித்திருக்கிறார்.

“அதான் எனக்குக் குழப்பம். ஊரே பொய் சொல்லுமா, இல்ல ஊழியத்துக்குப் படிக்கிற பையன் பொய் சொல்லுவானா? ஊரத்தான் சந்தேகப்பட்டேன் தம்பி. ஒங்களச் சந்தேகப்படல.”

அதைவிடக் கடுமையாக அவர் என்னைத் திட்டியிருக்க முடியாது. அப்படித் திட்டவேண்டும் என்று நினைத்து அவர் சொல்லவும் இல்லை. உள்ளே பார்த்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்களே உங்கள் வீட்டுக்கு வருகிறோம், அப்பாவிடம் சொல்லுங்கள் என்றார். நான் காப்பியை ஊதாமலே குடித்துவிட்டேன். நாக்குப் பொத்துப்போனது அப்புறம்தான் தெரிந்தது.

சபை மூப்பரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேரே ஊருக்குப் போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. அப்பா மருந்தகத்தின் பின்புறம் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பிரஷ்ஷை வைத்தார்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்பா. காலேஜுலயும் அறந்தாங்கியிலயும். இன்னும் ஒன்பது ஊரு இருக்கு.”

“அப்ப வீட்டுக்குப் போய்ச் சாப்புடு. மொகம் வாடிக்கெடக்கு.”

நான் போகவில்லை. ஏன் ஆமாம் என்றீர்கள், அதுவும் மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் நிற்கும்போது என்று கேட்டேன். அப்பா கையைத் துண்டில் துடைத்தபடி யோசித்தார். இதை அவர் முன்பே யோசித்து வைத்திருந்ததாகத் தோன்றவில்லை.

“நான் குடிச்சேன்னா அது முடிஞ்சுபோன கதை. நீ பொய்யன்னா அது நடந்துக்கிட்டுருக்கற கதை. அத்தன பேரு முன்னால எதச் சொல்ல? பாப்பாவுக்கு இது இல்லன்னா இன்னொரு எடம் வரும்னு நெனச்சேன்.” பிறகு ஒரு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “அதுக்கப்பறம் ஒழுங்கா ஒறங்கல. அது வேற விஷயம்.”

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. கழுவாத புட்டி இன்னும் ஆறேழு இருந்தது. ஒன்றை என் பக்கம் நகர்த்திவைத்தார். இருவருமாகக் கழுவி முடித்தோம்.

தங்கை அவ்வளவு எளிதாக விடவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாளே தவிர வாய் பேசவில்லை. அறந்தாங்கிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று சொன்ன பிறகும் பேசவில்லை. நான் கையைக் கழுவிவிட்டு வந்தபோதுதான் திரும்பினாள்.

“எனக்குக் கல்யாணம் நின்னுபோயிருந்தா அதையும் சாட்சியில சேத்துருப்பதானேண்ணே?”

ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சேர்த்திருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்குக் கோபம் எங்கோ இறங்கிவிட்டது. சரி, அப்பா தள்ளாடினதா சொன்னியாமே, எப்புடித் தள்ளாடினார்னு நடந்து காட்டு என்றாள். நான் மாட்டேன் என்றேன். அப்பா எழுந்து, துண்டை ஒரு பக்கம் தொங்கவிட்டு, அடுப்படியிலிருந்து வாசல் வரை நடந்து காட்டினார். குடிகாரர் மாதிரி இல்லை. காலில் முள் குத்தினவர் மாதிரி இருந்தது. தங்கை சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போனபிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக அப்படிச் சிரித்ததில்லை.

மற்ற ஒன்பது ஊர்களுக்கும் போய்முடித்து, பிரின்சிபாலிடம் சொல்லக் கோடை வந்துவிட்டது. சில இடங்களில் கோபப்பட்டார்கள். ஒரு ஊரில் என்னை யாருக்கும் ஞாபகமே இல்லை. சாட்சியும் ஞாபகம் இல்லை. நான் எதற்கு வந்தேன் என்று விளங்கவைப்பதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. களையெடுக்கும் அம்மாவின் ஊரைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். பயம்தான் காரணம். வயல் வரப்பிலேயே அவரைப் பார்த்துச் சொன்னேன். நாற்பது நாளும் கிடையாது, புட்டியும் கிடையாது, எங்கள் அப்பா குடித்ததே கிடையாது என்றேன்.

அவர் கையில் இருந்த களைக்கட்டை வரப்பில் போட்டார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

“அப்ப என் ஜெபத்துல கொறை இல்ல” என்றார்.

இல்லைங்க, எந்தக் குறையும் இல்லை என்றேன்.

“அதச் சொல்லுங்க முதல்ல. இத்தன மாசமா நான் பட்ட பாடு. எதுவும் தப்பாச் சொல்றேனோ, எதையும் விட்டுட்டேனோன்னு நெதமும் பயந்துக்கிட்டே கெடந்தேன்.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு என்னை நன்றாகத் திட்டினார். படித்தவன் செய்கிற வேலையா இது என்று கேட்டார். திட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டார். அவருடைய கணவர் அந்த வருஷமும் விடவில்லை, அடுத்த வருஷமும் விடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் ஜெபத்தை விடவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

திரும்பி வரும் வழியில், பஸ் நிற்கும் இடத்துக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். நடந்துகொண்டே ஜெபித்தேன் என்று சொன்னால் பெரிய வார்த்தை. களையெடுக்கிற அம்மா, அவர் கணவர், அறைத் தோழனின் அப்பா, பேசாமல் இருக்கிற சீனியர் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பாவின் முகம் வந்தது. அவர் கையில் புட்டி இல்லை.

பங்குனி கழிந்து தங்கையின் கல்யாணம் அறந்தாங்கியில் நடந்தது. கூட்டத்தில் பாதி எங்கள் ஊர்ச் சனம். அவர்களில் பலர் கிறிஸ்தவக் கோயிலுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. செருப்பை எங்கே விடுவது என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே கேட்டார்கள். கம்பவுண்டர் வீட்டுக் கல்யாணம் என்று ஒருவர் பலாப்பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்திருந்தார்.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு நண்பர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். நீ பொய் சொன்னதும், ஒப்புக்கொண்டதும், ஊர் ஊராகப் போனதும் அருமையான சாட்சி, கன்வென்ஷன் கூட்டங்களில் சொன்னால் எத்தனையோ பேர் மனம் உடைந்து திரும்புவார்கள் என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று மனம் அதற்குள் ஒத்திகை பார்த்தும்விட்டது. அந்த ஒத்திகையைக் கண்டுதான் பயந்து வேண்டாம் என்றேன். இத்தனை வருஷம் கழித்து, கேட்க ஆளில்லாத ஒரு தாளில்தான் எழுதுகிறேன். இதிலும் எங்காவது மெருகு ஏறியிருக்கலாம். தங்கை படித்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

மேடை ஏறாமல் இருந்த அந்த மாதங்கள் எனக்குக் கிடைத்த நல்ல காலம். மற்றவர்கள் பேச, பாயில் உட்கார்ந்து கேட்டேன். கிரேக்க எழுத்துகள்கூட மெல்ல வசப்பட்டன. எதையும் யாரிடமும் ஒப்பிக்கவேண்டியது இல்லை என்றதும் படிப்பு ருசித்தது.

மூன்றாம் வருஷப் பயிற்சிக்கு என்னை மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். போன மூன்றாம் நாள் ஒரு மீனவர் வந்து, புது வலை இறக்குகிறோம், வந்து ஜெபியுங்கள் என்று கூப்பிட்டார். போனேன். மணலில் வலை கிடந்தது. அவரும் அவர் மனைவியும் தம்பியும் தலைகுனிந்து நின்றார்கள். எனக்கு வலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடலைப் பற்றி அதைவிடத் தெரியாது. எனக்கு இதில் என்ன கேட்பது என்று தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றேன். அவர் ஒருகணம் திகைத்தார். பிறகு தானே ஜெபித்தார். காற்று இந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பாறையில் வலை மாட்டக்கூடாது, தம்பிக்கு நீச்சல் சரியாக வராது, பார்த்துக்கொள்ளும் என்றார். நான் ஆமென் சொன்னேன். அவர் மனைவி, சாமி, கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க என்றார். வலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படகில் ஏற்றிவிட்டு, கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு அவர்களோடு சாப்பிடப் போனேன்.